செம்மலை பெயருக்கு ஒரு தந்தி

காரைக்குடிப் பாலிடெக்னிக்கில் பட்டறை ஆசிரியராக இருக்கும் மாயக்கண்ணனுக்குப் பையன்கள் வைத்திருக்கிற பட்டப்பெயர் 'அப்ளிகேஷன் சார்'. பயிற்சிக்காக வெளிநாட்டுக்குப் போகிற பையன் யாராக இருந்தாலும், அவனுடைய விண்ணப்பத்தை வாங்கிப் பார்க்காமல் விடமாட்டார். பெயர் எழுதும் கட்டத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "இதுல உன் பேரு எது, உங்க அய்யா பேரு எது? அங்குட்டு உன்னைய எதைச் சொல்லிக் கூப்புடுவாக? அதை வீட்டுல சொல்லிட்டியா?" என்று கேட்பார். கடைசிக் கேள்வியை மட்டும் மூன்று தடவை கேட்பார்.

போன வாரம் இரண்டு பையன்கள் என் தபால் கவுண்டருக்கு முன்னால் நின்றுகொண்டு, அவரைப் போலவே விரலை நீட்டிப் பேசிக்காட்டிச் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "ஸ்டாம்பை வாங்குனமா போனமான்னு இருங்கடா" என்று விரட்டிவிட்டேன். விரட்டிய பிறகுதான் யோசித்தேன். எழுபத்தெட்டில் படிக்கிற பையன்களுக்கு அறுபத்தொன்பதில் நடந்தது எப்படித் தெரியும்? யாராவது சொன்னால்தானே. சொல்ல வேண்டிய ஆள் நான்தான். ஒன்பது வருஷமாக வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

ஊருக்கு அவர் சார். எனக்கு அவன் மச்சினன், என் மனைவி நாகவல்லியின் ஒரே தம்பி. ஆகவே அவன் என்றே எழுதுகிறேன்.

அவர்களுக்கு ஒக்கூர். என் மாமனார் செம்மலைக்குக் கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் வயல், ஒரு கிணறு, இரண்டு ஜோடி மாடு. பெரிய பணக்காரர் இல்லை. ஆனால் ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆளை நான் பார்த்ததில்லை. வயதில் மூத்தவர்கள்கூட மகள் பெயரை வைத்து 'நாகவல்லி அய்யா' என்றுதான் சொல்வார்கள். மாமியார் சோலையம்மாளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் புருஷன் பெயரைக் கேட்டபோது, தெருவில் போய்க்கொண்டிருந்த ஒருவரை நிறுத்தி, "இவுககிட்டச் சொல்லிட்டுப் போங்க" என்று சொல்லவைத்தவர் அவர். மாயக்கண்ணனும் அந்த வீட்டுப் பிள்ளைதானே. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் தகப்பன் பெயரைக் கேட்டால், வாயால் சொல்லமாட்டான். சிலேட்டில் எழுதிக் காட்டுவான். அதற்காக ஒரு நாள் பிரம்படிகூட வாங்கியிருக்கிறான்.

பாலிடெக்னிக்கில் கடைசி வருஷம் படிக்கும்போது அவனை ஜெர்மனிக்கு ஆறு மாதப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். பம்பு செய்கிற ஒரு தொழிற்சாலை, டூயிஸ்பர்க் என்ற நகரம். போக வர விமானச் சீட்டு திட்டத்திலேயே உண்டு. அவசரமென்றால் சீட்டை முன்தேதிக்கு மாற்றிக்கொண்டு திரும்பலாம். அந்த விதியை நானும் அவனும் பத்துத் தடவையாவது படித்திருப்போம். காரணம், மாமாவுக்கு அப்போதே நெஞ்சில் நோய். சிவகங்கை டாக்டர் மருந்து கொடுத்து, "இப்போதைக்குப் பயமில்லை" என்றிருந்தார். அந்த 'இப்போதைக்கு' என்ற சொல்தான் அவனை அரித்தது. "நான் போகலை" என்றான்.

மாமா அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"நீ போடா. எனக்கு முடியலைன்னா வரச் சொல்றேன். வருவியா?"

"தந்தி கெடைச்ச அன்னைக்கே கெளம்பிருவேன்யா."

"அது போதும். எனக்கு ஒரே மகன் நீ. கொள்ளி போட நீ இருக்கணும், வேற ஒண்ணும் வேணாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "மாப்புள தபாலாபீசுல இருக்காக. தந்தியை அவுக பாத்துக்கிருவாக. எனக்கென்ன கவலை?"

கூப்பிட்டால் வருவது அவன் பொறுப்பு, கூப்பிடுவது என் பொறுப்பு என்று ஆயிற்று. எனக்கு அதில் பெருமைதான். பின்னே, காரைக்குடி தபாலாபீஸில் பன்னிரண்டு வருஷச் சர்வீஸ். பினாங்கு, ரங்கூன், சைகோன் என்று செட்டியார் வீட்டு விலாசங்களை உறக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். விலாசத்தில் தப்புப் பண்ணுகிறவனைப் பார்த்தால் எனக்கு ஆகவே ஆகாது.

அந்த ஆணவத்தில்தான் அவனுடைய விண்ணப்பத்தையும் நானே வாங்கி நிரப்பினேன். அதில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. மாயக்கண்ணன் பேனாவைக் கடித்துக்கொண்டு, "நமக்கு அப்படி ஒண்ணு கெடையாதே மச்சான்" என்றான். "குடும்பத்துக்கு யாரு தலைவரோ அவுக பேருதான் குடும்பப் பேரு. இது தெரியாதா?" என்று சொல்லி, அழகான எழுத்தில் செம்மலை என்று எழுதினேன். அடுத்த கட்டத்தில் மாயக்கண்ணன். பாஸ்போர்ட்டும் அப்படியே வந்தது. நானும் அதை மறந்துவிட்டேன்.

செப்டம்பர் எட்டாம் தேதி அவன் டூயிஸ்பர்க்கில் போய் இறங்கினான். இனி நான் சொல்வது அவன் வாயால் கேட்டது. அவன் ஒரேயடியாகச் சொன்னதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருஷங்களில் சொன்னான்.

இறங்கின அன்றே மழை. வானம் முழுக்கப் புகை. தொழிற்சாலைக்குச் சொந்தமான நான்கு மாடிச் செங்கல் கட்டடம் ஒன்றில் அவனுக்கு இடம் கொடுத்தார்கள். அங்கே முந்நூறு ஆட்கள். துருக்கிக்காரர்கள், கிரேக்கர்கள், ஸ்பெயின்காரர்கள். அவனுக்கு முன் ஐந்து இந்தியர்கள் பயிற்சிக்கு வந்து, கோடையிலேயே திரும்பிப் போயிருந்தார்கள். இப்போது அவன் ஒருவன்தான் இந்தியன். சென்னையில் மூன்று மாதம் படித்த ஜெர்மன் பாஷை, அங்கே கேட்ட ஜெர்மனோடு எந்த வகையிலும் ஒட்டவில்லை. சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கும் கறுப்பு ரொட்டியும். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன் மச்சான் என்பான்.

மறுநாள் காலை பட்டறையில் மேஸ்திரி வருகைப் பட்டியலை வாசித்தார். குரோஸ் என்று பெயர், கட்டையான ஆள், வெண்கலக் குரல். வாசித்துக்கொண்டே வந்தவர், "செம்மலை!" என்று கத்தினார்.

மாயக்கண்ணன் திரும்பிப் பார்த்தான். அய்யா இங்கே எப்படி வந்தார் என்று ஒரு கணம் உடம்பு தூக்கிப்போட்டதாம். "செம்மலை!" மறுபடியும் அதே கத்தல். மூன்றாவது தடவை மேஸ்திரி அவனுக்கு எதிரே வந்து நின்று, நெஞ்சில் விரலால் குத்தி, காது கேட்காதா என்று சைகையில் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லி அவனை ஏவினார்கள். செம்மலை, இரும்புத்தூளைக் கூட்டு. செம்மலை, வாளியைக் கொண்டா. செம்மலை, மண்டையில் ஒன்றும் இல்லையா உனக்கு? அவன் பெயரைச் சொல்லித் திட்டியிருந்தால் அவனுக்கு உறைத்திருக்காது. ஊரில் யார் வாயிலும் வராத பெயரை, அவன் தானே ஒரு நாளும் உச்சரிக்காத பெயரை, முன்பின் தெரியாத ஆட்கள் பட்டறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு எறிந்து விளையாடினார்கள்.

அவனுக்குத் தெரிந்த ஜெர்மனை எல்லாம் திரட்டி மேஸ்திரியிடம் போய்ச் சொன்னான். செம்மலை என் அப்பா, நான் மாயக்கண்ணன். மேஸ்திரி நல்ல மனுஷர்தான். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிதானே. என் அப்பாவும் குரோஸ், நானும் குரோஸ்" என்று தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அதற்கு மேல் என்ன சொல்ல முடியும்? எந்தப் பாஷையில் சொல்ல முடியும்?

விடுதியில் இன்னும் மோசம். மாடிப்படிக்குக் கீழே செருப்பு, பூட்ஸ் வைக்கிற மரத்தட்டு. ஒவ்வொருவர் இடத்துக்கும் மேலே தட்டச்சு செய்த பெயர்ச்சீட்டு. ஒரு சீட்டில் செம்மலை. அதற்கு நேர் கீழே எண்ணெயும் சேறும் அப்பிய பூட்ஸைக் கழற்றி வைக்க வேண்டும். அவன் வைக்கவில்லை. பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி, கட்டிலுக்கு அடியில் வைத்தான். அறையை அசுத்தம் செய்கிறான் என்று வாயில்காப்பாளர் எச்சரித்தார். அவன் அந்தச் சீட்டின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டித் தன் பெயரைத் தமிழில் எழுதினான். அடுத்த நாள் காலையில் அதைக் கிழித்துப் போட்டுவிட்டார்கள். பதிவேட்டில் இல்லாத எதையும் அங்கே எழுதக்கூடாதாம். இரண்டாவது எச்சரிக்கை. மூன்றாவது வந்தால் பயிற்சியை ரத்துசெய்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று துருக்கிக்காரர் ஒருவர் விரலைக் கழுத்தில் இழுத்துக் காட்டினார். அன்று மாலை அவன் பூட்ஸை அந்தத் தட்டில் வைத்தான். வைத்துவிட்டுக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதான். இருபத்தொரு வயது.

முதல் கடிதம் எழுத உட்கார்ந்தபோது இதைத்தான் எழுதியிருக்க வேண்டும். இங்கே எனக்கு இந்தப் பெயர், கடிதத்தில் அதை முதலில் எழுதுங்கள் என்று ஒரே ஒரு வரி. எழுதவில்லை. ஏன் எழுதவில்லை? அந்தக் கடிதத்தை நாகவல்லி சத்தமாகப் படிப்பாள். கட்டிலில் படுத்திருக்கும் அய்யா கேட்பார். அய்யா, உங்கள் பெயரைச் சொல்லி என்னைத் திட்டுகிறார்கள், உங்கள் பெயருக்குக் கீழே பூட்ஸ் வைக்கிறேன் என்று எந்த மகன் எழுதுவான்? ஒரு பாதியை எழுதினால் மறுபாதியையும் கேட்பார்கள். அதனால் குளிரைப் பற்றி எழுதினான், ரைன் ஆற்றைப் பற்றி எழுதினான், சாப்பாடு பிரமாதம் என்று பொய் எழுதினான். அனுப்புநர் இடத்தில் எப்போதும் போல மாயக்கண்ணன் என்று போட்டான்.

இதற்கு அவனைக் குற்றம் சொல்கிறவன் எங்கள் வீடுகளில் வளர்ந்தவனாக இருக்க முடியாது.

நாங்களும் அந்த விலாசத்துக்குத்தான் எழுதினோம். உள்ளே நாகவல்லியின் எழுத்து, வெளியே விலாசம் என் எழுத்து. எஸ். மாயக்கண்ணன், தெரு, எண், ஊர், தேசம். ஒரு புள்ளி தவறியிருக்காது. கடிதங்கள் ஒழுங்காக டூயிஸ்பர்க் போய்ச் சேர்ந்தன. விடுதி வாசல் வரை போயின. அங்கே வாயில்காப்பாளர், குடும்பப் பெயர்களை மட்டும் எழுதி வைத்திருந்த தன் பதிவேட்டைப் பார்த்தார். மாயக்கண்ணன் என்று குடும்பப் பெயர் கொண்டவர் யாரும் இல்லை. கோடையில் போன ஐந்து இந்தியர்களில் ஒருவனாக இருப்பான் என்று நினைத்திருப்பார் போல, ஆள் தெரியாத கடிதங்களைப் போடும் கூடையில் போட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை தோறும் கூடை காலியாகித் தபாலாபீஸுக்குத் திரும்பிப் போகும்.

தினமும் சாயங்காலம் வேலை முடிந்து மாயக்கண்ணன் அவர் முன்னால் போய் நிற்பான். அதற்குள் அவனுக்குப் பழகிவிட்டது. அவனே தன் வாயால், "செம்மலைக்குக் கடிதம் உண்டா?" என்று கேட்பான். அந்தப் பெயரை முதன்முதலாக உச்சரித்தபோது கன்னத்தில் போட்டுக்கொண்டானாம். காப்பாளர் அந்தப் பெயருக்கான கடிதப் பொந்தைப் பார்த்துவிட்டுக் கையை விரிப்பார். எங்கள் கடிதங்கள் கிடந்த கூடைக்கும் அவன் நின்ற இடத்துக்கும் நான்கு அடிகூட இருக்காது.

இங்கே அவனுடைய இரண்டாவது கடிதம் வந்தது. ஏன் யாரும் எழுதவில்லை, அய்யா எப்படி இருக்கிறார்? மூன்றாவதில் கெஞ்சல். "ஒரே ஒரு வரி போடுங்கள் மச்சான். நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, ஏதாவது ஒன்று. சாப்பாடு இறங்கவில்லை."

எனக்குக் கோபம். எவனோ ஒரு தபால்காரன் என் விலாசத்தைச் சரியாகப் பார்ப்பதில்லை என்று கோபம். நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுத்த கடிதத்தில் மாயக்கண்ணன் என்ற பெயரைக் கொட்டை எழுத்தில், முன்பைவிட இரண்டு மடங்கு பெரிதாக எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன். அதற்கடுத்ததில் சிவப்பு மையில் எழுதினேன். தப்பைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அனுப்பினேன்.

அக்டோபர் இருபதாம் தேதி என் கவுண்டருக்கே முதல் கடிதம் திரும்பி வந்தது. மேலே ஒரு முத்திரை, பிரெஞ்சுச் சொல். அந்தச் சொல்லுக்கு உலகத் தபால் முழுக்க ஒரே அர்த்தம்: ஆள் தெரியவில்லை. அடுத்தடுத்த நாட்களில் இரண்டாவது, மூன்றாவது. நான் அவற்றை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். நாகவல்லியிடம் சொல்லவில்லை. அவள் ஒக்கூரில் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். அங்கே நிலைமை வேறாக ஆகிக்கொண்டிருந்தது.

மாமாவுக்கு இருமலில் ரத்தம் வர ஆரம்பித்திருந்தது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மகனுக்குச் சொல்லிவிடுங்கள். இரண்டு வாரம் தாண்டினால் அதிகம்" என்றார். அன்று மாலையே மாமா என்னைப் பார்த்து, "மாப்புள, அவனை வரச் சொல்லீருங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் சொல்ல அவருக்கு மூச்சு இல்லை.

மறுநாள் காலை தந்தி கொடுத்தேன். அய்யாவுக்குக் கவலைக்கிடம், உடனே புறப்படு. எங்கள் ஆபீஸில் தந்தியைப் பார்த்துக்கொண்டது ஜமால் முகம்மது, என்னோடு ஒரே வருஷத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அவரே அனுப்பினார். இரண்டு நாள் கழித்து ஒரு துண்டுத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். வந்தவர் உட்காரவில்லை.

"கருப்பா, பட்டுவாடா ஆகலையாம்ப்பா. ஆளைத் தெரியலைங்கிறாக."

திரும்பவும் அனுப்பினோம். தொழிற்சாலை விலாசத்துக்கு ஒன்று அனுப்பினோம். அங்கேயும் அதே பதிவேடுதானே. ஆள் தெரியவில்லை, ஆள் தெரியவில்லை. உயிரோடு இருக்கிற ஒரு பையன் வாராவாரம் தன் கையெழுத்தில் கடிதம் போடுகிறான். அவன் இருக்கிற ஊரோ அப்படி ஒருவன் இல்லை என்கிறது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போல இருந்தது. ஸ்டாம்பு வாங்க வந்தவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன்.

தினமும் சாயங்காலப் பஸ்ஸில் ஒக்கூர் போவேன். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதுமே உள்ளேயிருந்து மாமா குரல் வரும்.

"கெளம்பிட்டானா?"

"தந்தி போயிருச்சு மாமா. சீட்டு மாத்த ரெண்டு நாளாகும்ல."

தந்தி போயிருச்சு என்பது பொய் இல்லை. இப்படி நான் பொய் இல்லாமல் ஒன்பது நாள் பொய் சொன்னேன். பத்தாவது நாள் அவர் கேட்கவில்லை. வாசலைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் கேட்டிருந்தாலே தேவலை.

நவம்பர் ஆறாம் தேதி, வியாழக்கிழமை. தபால்பையைப் பிரித்தபோது என் பெயருக்கு, ஆபீஸ் விலாசத்துக்கு, மாயக்கண்ணனின் கடிதம் இருந்தது. மேலேயே, 'வீட்டில் வாசிக்க வேண்டாம்' என்று எழுதியிருந்தான். நின்றுகொண்டே படித்தேன்.

"மச்சான், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். இங்கே என்னை யாருக்கும் மாயக்கண்ணன் என்று தெரியாது. எல்லாரும் அய்யா பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், ஏசுகிறார்கள். கக்கூஸ் கழுவுகிற முறைப் பட்டியலில்கூட அய்யா பேர்தான் இருக்கிறது. நான் கழுவிவிடுவேன், அதற்கு ஒன்றுமில்லை. அந்தப் பேரை அங்கே பார்க்கத்தான் முடியவில்லை. தாங்க முடியவில்லை மச்சான். அய்யாவுக்குத் தெரிந்துவிட வேண்டாம்."

விலாசத்தைப் பற்றி அவன் ஒன்றும் எழுதவில்லை. அவனுக்கு அது தோன்றவே இல்லை. எனக்குத்தான் தோன்றியது. 'குடும்பப் பெயர்' என்ற அந்தக் கட்டமும், அதில் இருந்த என் அழகான எழுத்தும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

தந்திப் பாரத்தை எடுத்துப் பெறுநர் இடத்தில் செம்மலை என்று எழுதினேன். ஜமால் முகம்மது அதை வாங்கிப் பார்த்தார். அவருக்கு என் மாமனாரைத் தெரியும். ஒக்கூர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார்.

"என்னப்பா இது? சாகக் கெடக்குற மனுசனுக்கே தந்தி கொடுக்குறியா?"

"அனுப்புங்கண்ணே. இந்தப் பேருக்குப் போனாத்தான் அவனுக்குப் போகும்" என்றேன்.

அன்று நடுப்பகலிலேயே பஸ் ஏறிவிட்டேன். இந்தத் தடவை கண்டிப்பாகப் போய்ச் சேரும் என்று மாமாவிடம் சொல்லிவிட வேண்டும். அவனுடைய கடிதத்தில் 'தெரிந்துவிட வேண்டாம்' என்று இருந்தது உண்மைதான். ஆனால் கைவிட்ட மகன் என்று நினைத்துக்கொண்டு அவர் கண்ணை மூடுவதைவிட இது பரவாயில்லை என்று பட்டது. கட்டில் பக்கத்தில் குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன். திரும்பி வந்த கடிதங்கள், பட்டுவாடா ஆகாத தந்திகள், நான் நிரப்பிய கட்டம், எல்லாவற்றையும். பூட்ஸையும் கக்கூஸையும் மட்டும் சொல்லவில்லை.

"அங்குட்டு அவனை உங்க பேரைச் சொல்லித்தான் கூப்புடுறாகளாம் மாமா."

கூரையைப் பார்த்துக் கிடந்தவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு, "வைவாகளா?" என்று கேட்டார்.

"இல்ல மாமா."

"வைஞ்சா வையட்டும்." மூச்சு வாங்கினார். "என் பேருதானே. நான் வாங்காத ஏச்சா? அவன் மேல படலைல்ல. போதும்."

வெள்ளிக்கிழமை முழுக்க அவர் வாசல் பக்கமே திரும்பிப் படுத்திருந்தார். சனிக்கிழமை விடியும்போது போய்விட்டார்.

காலை பத்து மணிக்கு வீடு நிறைய ஆட்கள். ஜமால் முகம்மது காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் பதில் தந்தி. சாவுச்செய்தி தெரியாமல் சந்தோஷமாக ஓடிவந்த மனுஷர், வாசலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். நாகவல்லி எழுந்து வந்து, "என்ன போட்டுருக்கான், வாசிங்கண்ணே" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

"புறப்படுகிறேன். காத்திருக்கவும்." அத்தோடு நிறுத்தினார்.

"கீழ அவன் பேரு போட்டுருக்கா? அவன்தானா அனுப்புனது?" என்று கேட்டது என் மாமியார்.

ஜமால் முகம்மதுவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. "செம்மலைன்னு போட்டுருக்கும்மா" என்றார்.

அழுதுகொண்டிருந்த பெண்கள்கூட நிறுத்திவிட்டார்கள். மாமியார் கிடத்தியிருந்த உடம்பைப் பார்த்தார், அந்தத் தாளைப் பார்த்தார். "பேரு சீமையில நிக்குது, ஆளு இங்குட்டுப் படுத்துட்டாரே" என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். அதன் பிறகு அவரைத் தேற்ற யாராலும் முடியவில்லை.

பெரியவர்கள் என்னிடம் வந்து, "பய வந்துசேர எத்தனை நாளாகும் மாப்புள?" என்று கேட்டார்கள்.

"மூணு நாளாவது ஆகும்."

காத்திருக்கச் சொல்லியிருக்கிறானே என்று மாமியார் என் கையைப் பிடித்துக் கெஞ்சினார். காத்திருக்க முடியாது என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. பங்காளி மகன் ஒருவன் கொள்ளி போட்டான்.

செவ்வாய்க்கிழமை மாயக்கண்ணன் வந்தான். மெலிந்து, கன்னம் ஒட்டி, தோளில் ஒரு கம்பளிக்கோட்டோடு பஸ்ஸிலிருந்து இறங்கினான். அதுவரை அவனுக்கு விஷயம் தெரியாது. தெருமுனையிலேயே ஆட்களின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டான். வீட்டுக்குள் வந்து, கட்டில் கிடந்த இடத்தில் ஒன்றும் இல்லாததைப் பார்த்துவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்தான். பிறகு என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டான்.

"எனக்குக் காயிதமே போடலையா மச்சான் நீக?"

ஆபீஸ் இழுப்பறையிலிருந்து கொண்டுவந்திருந்த கடிதக் கட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். திரும்பி வந்தவை ஐந்து. என் கொட்டை எழுத்து, இரண்டு கோடு, சிவப்பு மை. அவன் பெயரை விரலால் தடவிப் பார்த்தான். தேதி வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றாகப் பிரித்து, அவனுடைய அம்மாவும் அக்காவும் கேட்கச் சத்தமாகப் படித்தான். அக்காள் எழுதியது, அம்மா சொல்லச் சொல்ல எழுதியது. இருந்தும் இரண்டு பேரும் இப்போதுதான் கேட்கிறவர்கள் மாதிரி உட்கார்ந்து கேட்டார்கள்.

நான்காவது கடிதம் அக்டோபர் பன்னிரண்டாம் தேதி எழுதியது. அதன் கடைசியில் மாமா சொல்லி நாகவல்லி எழுதிய நான்கு வரி. அதை அவன் படித்தான்.

"அய்யா சொல்றாக. குளிருக்குத் தலையில துண்டைக் கட்டிக்கிரணுமாம். காயிதம் வரலையேன்னு ஏங்கி வேலையைக் கெடுத்துக்க வேணாமாம். காயிதம் வரலைன்னா அய்யா நல்லா இருக்காகன்னு வச்சுக்கிரணுமாம்."

ஐந்தாவது கடிதத்தை அவன் பிரிக்கவில்லை. தாளை என்னிடம் நீட்டினான். நான் அதை மடித்துக் கட்டோடு வைத்தேன்.

விண்ணப்பத்தை நிரப்பியது யார் என்று அவன் யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை. பயிற்சியைத் தொடர அவன் திரும்பிப் போகவில்லை. படிப்பை இங்கேயே முடித்து, அதே பாலிடெக்னிக்கில் வேலைக்குச் சேர்ந்து, மற்ற பிள்ளைகளின் விண்ணப்பங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனைப் பார்த்துச் சிரிக்கிற பையன்களுக்குச் சொல்கிறேன்: கோபம் வந்து உங்களை விரட்டினேனே, அது உங்கள் மேல் வந்த கோபம் இல்லை. அந்தக் கட்டத்தை நிரப்பிய கை என்னுடையது.